பிளாஸ்திரி ஒட்டிய பொத்தான்

எங்கள் கேமராவின் மேல்பக்கத்தில் ஆள்காட்டி விரல் எட்டும் இடத்தில் ஒரு சிறு பொத்தான் இருந்தது. அதை மாற்றிவைத்தால் ஓர் அழுத்தலுக்கு ஒரு படம் என்ற கணக்கு போய்விடும். விரலை எடுக்கும்வரை விநாடிக்கு மூன்று படம் விழுந்துகொண்டே இருக்கும். அந்தப் பொத்தானின் மேல் மருந்துக்கடைப் பிளாஸ்திரியில் ஒரு துண்டை வெட்டி ஒட்டிவைத்திருந்தோம். ஒட்டும்போது வெள்ளையாக இருந்தது இரண்டே மாதத்தில் விரல் அழுக்கேறிப் பழுப்பாகிவிட்டது.

கேமரா இருவருக்குச் சொந்தம். நான் ஒரு நாளிதழின் காரைக்கால் பகுதிநேர நிருபர். மற்றவர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்த பாய், என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். சுனாமிக்கு அடுத்த ஆண்டு ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினோம். பகலில் எனக்கு, மாலையிலும் கல்யாண நாட்களிலும் அவருக்கு என்று ஏற்பாடு. செய்தியைத் தட்டச்சு செய்து அனுப்பவும் நான் அவருடைய ஸ்டூடியோ கணினியைத்தான் நம்பியிருந்தேன். ஆகவே பெரும்பாலான பகல்களில் நாங்கள் மூவரும், நானும் பாயும் கேமராவும், அந்தப் பத்தடி அகல அறையில்தான் இருந்தோம்.

ஃபிலிம் சுருளில் முப்பத்தாறு படம் எடுத்துப் பழகிய கை இருவருக்கும். முதல் மாதம் டிஜிட்டலிலும் அப்படியே எடுத்தோம். பிறகு கை தளர்ந்தது. படம் எடுக்கச் செலவில்லை, வேண்டாததை அழித்துவிடலாம் என்று தெரிந்ததும் விரல் பொத்தானைவிட்டு எழவே மறுத்தது. மாலை மாற்றும் அரை நிமிடத்துக்குப் பாய் நாற்பது படம் எடுத்தார். மாங்கனித் திருவிழாவில் மாடியிலிருந்து எறியப்படும் ஒரு மாம்பழத்தை அந்தரத்தில் பிடிக்க நான் இருநூறு படம் எடுத்தேன். பத்திரிகையில் வந்தது கூட்டத்தின் படம். மாம்பழம் எதுவும் அதில் இல்லை.

ஷட்டர் தேயும் என்பது தாமதமாகத்தான் எங்களுக்கு உறைத்தது. லென்ஸுக்குப் பின்னால் மெல்லிய தகடுகளால் ஆன ஒரு திரை இருக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் அது ஒருமுறை திறந்து மூடும். ஃபிலிம் கேமராவிலும் இதே திரைதான். அதில் பத்து வருடத்தில் திறந்து மூடியதை இதில் ஒரே வருடத்தில் செய்துவிட்டோம். சென்னையில் கேமரா பழுது பார்ப்பவரிடம் தொலைபேசியில் கேட்டபோது, "அம்பதாயிரம் வரைக்கும் பயப்படாதீங்க. அதுக்கு மேல ஓடுனா உங்க யோகம்" என்றார். எத்தனை ஓடியிருக்கிறது என்பதைக் கேமரா நேரடியாகக் காட்டாது. படங்களின் பெயரில் வரும் நான்கு இலக்க எண் பத்தாயிரத்தைத் தொடும் முன் மீண்டும் ஒன்றுக்குத் திரும்பிவிடும். அப்படித் திரும்பும் ஒவ்வொரு முறையும் பாய் ஸ்டூடியோ சுவரில், சுவிட்சுக்குப் பக்கத்தில், பென்சிலால் ஒரு கோடு போட்டார். நான்காவது கோடு விழுந்த அன்றுதான் பிளாஸ்திரி வந்தது.

"இன்னும் ஒரு கோடு போட்டா இது மவுத்து தம்பி" என்றார்.

"நான் என்ன பண்ணேன் பாய்? கல்யாணத்துல தட்டித் தள்றது நீங்க."

"கல்யாணத்துலயாச்சும் பொண்ணு மாப்பிள்ள அசையுதுங்க. நீங்க மந்திரி தையல் மிஷின் குடுக்கறதப் போயி எடுக்கறீங்க. மிஷினு என்ன ஓடவா போவுது? நிக்கிறதுக்கு எதுக்குங்க பதினெட்டு படம்?"

பதினெட்டு என்பதை அவர் எண்ணிவைத்திருந்தார். அவரே பிளாஸ்திரியை வெட்டி ஒட்டினார். இனி யார் உரித்தாலும் மற்றவரிடம் சொல்லிவிட்டு உரிக்க வேண்டும் என்று பேச்சாயிற்று.

அந்தப் பிளாஸ்திரியை முதலில் உரிக்கவைத்தவர் ஒரு மதாம். எங்கள் ஊரில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீட்டுப் பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். இவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு தெரு தள்ளி வீடு. கணவர் பாரிசுக்கு வெளியே ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருந்தார். அவருக்கு இதயத்தில் வால்வு மாற்ற வேண்டும் என்று அங்கே நாள் குறித்துவிட்டார்கள். மதாமின் பிரெஞ்சு பாஸ்போர்ட் காலாவதியாகியிருந்தது. புதியதற்கு விண்ணப்பிக்கப் படம் வேண்டும்.

முதல் படத்தைப் பாய் வழக்கம்போல எடுத்தார். கேமராவின் தலையில் ஃபிளாஷைப் பொருத்தி, நீலத் திரைக்குப் பதில் வெள்ளைத் திரையைத் தொங்கவிட்டு, ஒரே ஒரு படம். கேமராவின் சின்னத் திரையில் பார்க்கும்போது சரியாகத்தான் இருந்ததாம். மதாம் விடியற்காலைப் பேருந்தில் புதுச்சேரிக்குப் போய், பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் கொடுத்தார். போக நான்கு மணி நேரம். கண் முழுதாகத் திறக்கவில்லை என்று படத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது முறை பாய் நான்கு படம் எடுத்தார். நான்கிலும் இமை பாதி இறங்கியிருந்தது. அப்போது அவர் செய்ததை அவர் தொழிலில் அவர் வயதுக்காரர்கள் யாராக இருந்தாலும் செய்திருப்பார்கள். ஃபிலிம் காலத்தில் கல்யாணப் படத்தில் பெண்ணின் மாமா கண்ணை மூடியிருந்தால் நெகட்டிவில் கூரிய பென்சிலால் கண்ணைத் திறந்துவிடுவது ஸ்டூடியோக்காரர்களுக்குச் சாதாரண வேலை. மாமாவும் அதைப் பார்த்துவிட்டுச் சந்தோஷமாகப் போவார். பாய் அதே வேலையைக் கணினியில் செய்தார். மதாமின் பழைய பாஸ்போர்ட் படத்தை ஸ்கேனர் மூலம் கணினியில் ஏற்றி, அதிலிருந்து இரண்டு கண்களை வெட்டிப் புதிய முகத்தில் பொருத்தினார். ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து ஓரங்களைக் குழைத்தார். நான் பார்த்தேன். வெட்டிய இடம் எனக்கே தெரியவில்லை. சுத்தமான வேலை.

மதாம் மறுபடியும் போய்விட்டு வந்து, பையைக்கூட வைக்காமல் வாசலிலேயே நின்று சொன்னார்:

"பாய், ஜன்னல்ல இருந்த அந்தப் பொண்ணு போட்டோவ என் மூஞ்சிகிட்ட வச்சி வச்சிப் பாக்குதுங்க. இது நீங்க இல்லங்குது. நான் நேர்ல நிக்கிறேன், நான் இல்லங்குது!"

"நல்லாத்தான மதாம் போட்டுக் குடுத்தேன்?"

"நல்லாத்தான் இருந்திச்சு. கண்ணு மட்டும் பத்து வருஷம் சின்னதா இருந்திச்சு."

பாய் சிரித்துவிட்டார். மதாமும் சிரித்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து, அழுதுவிடக் கூடாது என்பதுபோலக் கைப்பையின் வாரைச் சுற்றிச் சுற்றி அவிழ்த்தார். அது செவ்வாய்க்கிழமை. பாஸ்போர்ட் கைக்கு வர மூன்று வாரமாகும் என்று சொல்லியிருந்தார்கள். அறுவை சிகிச்சைக்கு இன்னும் நான்கு வாரம்கூட இல்லை. அடுத்து விண்ணப்பம் வாங்கும் நாள் வியாழக்கிழமை; அன்று கொடுக்காவிட்டால் போய்ச் சேர முடியாது.

"அவருகிட்ட போன்ல சொல்லிட்டேன், நான் வந்துதான் கையெழுத்து போடுவேன்னு" என்றார். "அதுக்கு அவரு, நீ போட்டோ எடுக்கறதுக்குள்ள எனக்கு ஆப்பரேஷனே முடிஞ்சிடும்ங்குறாரு. அவருக்கு எப்பவும் வெளயாட்டு."

பாய் கேமராவை எடுத்தார். நகத்தால் பிளாஸ்திரியின் ஓரத்தைக் கிளப்பினார்.

"தம்பி, உரிக்கிறேன். அப்பறம் சொல்லலன்னு சொல்லாதீங்க."

"உரிங்க பாய்."

"மதாம், நீங்க பாட்டுக்கு உக்காருங்க. கண்ண பத்தி நெனக்காதீங்க. மிஷின்கன்னு மாதிரி அடிச்சி வுடறேன். ஒண்ணாவது தொறந்து மாட்டாமயா போயிடும்?"

நான் கணினியின் முன்னால் உட்கார்ந்து நெரவியில் வாய்க்கால் தூர்வாராததைப் பற்றிய செய்தியை அடித்துக்கொண்டிருந்தேன். முதுகுக்குப் பின்னால் அந்தச் சத்தம் கேட்டது. தையல் மிஷின் மெதுவாக ஓடுவதுபோல ஐந்தாறு தட்டல். நிறுத்தம். "தலய கொஞ்சம் எறக்குங்க." மறுபடி ஐந்தாறு. ஏழு முறை. ஃபிளாஷுக்கு நான்கு பென்சில் பேட்டரிதான். முதல் படத்துக்குப் பளிச்சென்று அடித்துவிட்டு, மீண்டும் மின்சாரம் ஏற அது நேரம் எடுத்துக்கொள்ளும். ஷட்டர் அதற்காகக் காத்திருக்காது.

படங்களைக் கணினிக்கு மாற்றினோம். பாய் ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டு போனார். வெளிச்சமாக இருந்த ஏழு படத்திலும் கண் மூடியிருந்தது. பாதியல்ல, முழுக்க மூடியிருந்தது. மற்றவை இருட்டுப் படங்கள். அவற்றை அழிக்கப் போனார்.

"இருங்க பாய்" என்றேன்.

பத்திரிகையில் படம் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் எதையும் பெரிதாக்கிப் பார்ப்பதில்லை. எல்லாவற்றையும் சின்னச் சின்னக் கட்டங்களாக வரிசையில் வைத்து, தூரத்திலிருந்து பார்ப்பேன். அப்படி வைத்தேன். ஒவ்வொரு தொடரிலும் முதல் படம் வெளிச்சம், கண் மூடியிருக்கிறது. இரண்டாவது சாம்பல் நிறம், இமை பாதி ஏறியிருக்கிறது. மூன்றாவதிலிருந்து கரிய இருட்டு. அந்த இருட்டுப் படங்களைக் கணினியில் வெளிச்சமாக்கிப் பார்த்தேன். புள்ளி புள்ளியாக, அச்சுக்கு உதவாத படங்கள். ஆனால் கண் அகலத் திறந்திருந்தது. ஏழு தொடரிலும் இதே வரிசை.

"வெளிச்சத்துக்குப் பயப்படுறாங்க" என்றார் பாய்.

மதாமுக்குக் கோபம் வந்துவிட்டது. "யாரு, நானா? கல்யாணத்துல அந்த போட்டோக்காரன் மூஞ்சிக்கு நேராவே அடிச்சான். பாருங்க." கைப்பையிலிருந்து பழைய பாஸ்போர்ட்டையும், எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்திருந்த கல்யாணப் படத்தையும் எடுத்து மேஜைமேல் வைத்தார். "ஒண்ணுலயாவது மூடியிருக்கேனா?"

மூடவில்லை. இரண்டிலும் ஃபிளாஷ் அடித்திருந்தார்கள் என்பதும் தெளிவு. தலைக்குப் பின்னால் சுவரில் நிழல் கத்தரித்ததுபோல விழுந்திருந்தது. கருவிழியின் நடுவில் வெள்ளைப் புள்ளி. அதே பெண், அதே வெளிச்சம், கண் திறந்திருக்கிறது. மாறியது கேமரா மட்டும்தான்.

கேமராவோடு வந்த கையேடு மேஜை இழுப்பறையில், பிளாஸ்டிக் உறை பிரிக்காமல், உத்தரவாதச் சீட்டோடு கிடந்தது. பாய் முப்பது வருடமாகப் படம் எடுப்பவர். கையேடு படிப்பது அவருக்கு மரியாதைக் குறைவு. நானும் படித்ததில்லை. மற்றவர்களின் அறிக்கைகளைப் படித்துப் பிழை கண்டுபிடிக்கிறவன், எங்கள் சொந்தக் கேமராவின் புத்தகத்தை ஒன்றரை வருடம் திறக்கவில்லை. உறையைக் கிழித்து ஃபிளாஷ் பக்கத்தைத் தேடினேன்.

அரைப் பக்கம்கூட இல்லை. படம் எடுக்கும் கணத்துக்குச் சற்று முன் ஃபிளாஷ் ஒரு சிறு வெளிச்சத்தை அனுப்பும். அது முகத்தில் பட்டுத் திரும்புவதைக் கேமரா அளந்துகொள்ளும். அதற்குப் பிறகுதான் ஷட்டர் திறந்து, உண்மையான வெளிச்சம் அடிக்கும். இரண்டுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்பதால் பார்ப்பவருக்கு ஒரே மின்னல்போலத் தெரியும். பழைய ஃபிலிம் கேமராவில் இந்த முதல் வெளிச்சம் கிடையாது. அதில் மின்னலும் படமும் ஒன்றாக முடிந்த பிறகுதான் இமை மூடும். இங்கே இமை முதல் வெளிச்சத்துக்கே மூடிவிடுகிறது. பெரும்பாலானவர்களின் இமை அவ்வளவு வேகமில்லை. மதாமின் இமை வேகம்.

படித்ததைத் தமிழில் சொன்னேன். பாய் ஃபிளாஷைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரெண்டு தடவயா அடிக்கிது?"

"ஆமா பாய்."

"ஒன்றர வருஷமா ஒரு தடவதான் அடிக்கிதுன்னு நெனச்சிகிட்டிருக்கேன்." பிறகு மதாமிடம், "தப்பு உங்க மேல இல்ல மதாம்" என்றார்.

"அத நான் முன்னாடியே சொன்னேன்ல" என்றார் மதாம். "வயசாயிடுச்சு, கண்ணு தளந்துபோச்சுன்னு சொன்னது நீங்கதான்."

ஸ்டூடியோவுக்குப் பின்னால் ஒரு சிறு முற்றம் உண்டு. தண்ணீர்த் தொட்டி, துணிக்கொடி, பக்கத்து வீட்டின் சுண்ணாம்பு அடித்த சுவர். மூன்று மணி வெயில் எதிர்ச்சுவரில் விழுந்து, அங்கிருந்து மென்மையாகத் திரும்பிக்கொண்டிருந்தது. ஸ்டூலைத் தூக்கிப் போய் நிழலில் போட்டோம். வெள்ளைத் திரையைத் துணிக்கொடியில் தொங்கவிட்டோம். வெளிச்சத்தை முகத்துக்குத் திருப்ப வீடியோக்காரர்களுக்காக வைத்திருந்த தெர்மகோல் பலகையைப் பாய் மதாமின் இடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டார்.

"நீங்க எடுங்க தம்பி. என் கையில மதாமுக்கு ராசியில்ல."

ஃபிளாஷைக் கழற்றி வைத்துவிட்டேன். பொத்தானைப் பழையபடி ஒற்றைக்கு மாற்றினேன். பாய் கீழிருந்து பார்த்தார்.

"மிஷின்கன்னு வேணாமா? இதுவும் போச்சுன்னா? வியாழக்கெழமைய வுட்டா வேற நாளு இல்ல."

எனக்கும் அந்தப் பயம் இருந்தது. ஆனால் காரணம் தெரிந்துவிட்ட பிறகு தொடர்முறை எதற்கு? தொடராக எடுப்பது காரணம் தெரியாதபோது செய்யும் காரியம் என்று அப்போது தோன்றியது. மதாமை நேராகப் பார்க்கச் சொன்னேன். ஒரு முறை அழுத்தினேன். பெரிதாக்கிப் பார்த்தேன். கண் திறந்திருந்தது. பாதுகாப்புக்கு இன்னொன்று. அதிலும் திறந்திருந்தது.

"ஆச்சா?" என்றார் மதாம்.

"ஆச்சுங்க."

"இவ்வளவுதானா? இதுக்காவா ரெண்டு வாட்டி புதுச்சேரி போனேன்?"

பாய் தெர்மகோலை மடியில் சாய்த்தார். அன்று மாலை அந்தப் படத்தை அவரே அச்சிட்டு, அளவுகோல் வைத்து வெட்டி, உறையில் போட்டு, மதாம் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். முகத்தில் எதையும் தொடவில்லை. கன்னத்தில் இருந்த பருவைக்கூட விட்டுவிட்டார். அது அவருக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை பதினோரு மணிக்கு ஸ்டூடியோ தொலைபேசி ஒலித்தது. புதுச்சேரியில் ஏதோ ஒரு பூத்திலிருந்து மதாம்.

"வாங்கிக்கிட்டாங்க பாய். ஒரு வார்த்த பேசல. ஒட்டிக்கிட்டாங்க."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் பாய். தொலைபேசியை வைத்ததும் இரண்டு டீ சொல்லி அனுப்பினார்.

பாஸ்போர்ட் பத்தொன்பது நாளில் வந்தது. மதாம் கிளம்பிப் போனார். அறுவை சிகிச்சைக்கு முந்தின நாள் போய்ச் சேர்ந்துவிட்டார் என்றும், எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றும் அவருடைய தம்பி வழியாகத் தெரிந்தது.

ஷட்டர் அதற்குப் பிறகு பத்து வாரம் ஓடியது. ஒரு பள்ளியில் கண் பரிசோதனை முகாம். தலைமை ஆசிரியர் குத்துவிளக்கு ஏற்றும்போது கேமராவின் சத்தம் மாறியது. தட்டென்று கேட்க வேண்டியது, சறுக்கினாற்போல வந்தது. படத்தின் கீழ்ப்பாதி கறுப்பு. அடுத்த படத்திலும் அப்படியே. மூன்றாவதற்குக் கேமரா பிழை என்று காட்டி நின்றுவிட்டது. ஐந்தாவது கோட்டுக்கு இன்னும் இரண்டாயிரத்துக்கு மேல் இருந்தது. பார்சலில் கட்டிச் சென்னைப் பேருந்தில் அனுப்பினோம்.

கேமரா இல்லாத அந்த வாரத்தில், செய்ய வேறு வேலை இல்லாமல், கணினியில் இருந்த பழைய கோப்புறைகளைத் திறந்து பார்த்தேன். தேதிவாரியாக என்னுடையவை ஒருபுறம், பாயுடையவை ஒருபுறம். அழித்துவிட்ட படங்களையும் கோப்பு எண்களின் இடைவெளியைக் கொண்டு கணக்கிடலாம். இரண்டு பகல் உட்கார்ந்து எண்ணினேன். பாய் எடுத்ததைவிட நான் எடுத்ததுதான் அதிகம். கொஞ்ச நஞ்சமல்ல. அவருக்குக் கல்யாணம் இல்லாத மாதங்கள் உண்டு. எனக்கு மந்திரிகள் வராத மாதம் இல்லை. இதை நான் பாயிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை.

புது ஷட்டர் போட்டுக் கேமரா திரும்பி வந்தது. பாய் சுவரில் பழைய கோடுகளுக்குக் கீழே ஒரு நீளக் கோடு இழுத்து, புதுக்கணக்குக்கு இடம் விட்டார். புதுப் பிளாஸ்திரியும் ஒட்டினார். கையேடு இப்போது கணினிக்குப் பக்கத்திலேயே இருந்தது. அதை இருவரும் படித்துவிட்டதாகச் சொல்ல முடியாது.

அடுத்த கோடையில் மதாம் வந்தார். இந்த முறை கணவரோடு. அவரை நாங்கள் அதற்கு முன் பார்த்ததில்லை. உயரமான மனிதர். சட்டை இரண்டு அளவு பெரிதாகத் தொங்கியது. சட்டையின் மேல் பொத்தான் போடாத இடத்தில் தழும்பின் நுனி தெரிந்தது. சோடியாக ஒரு படம் வேண்டும் என்றார்கள். கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் சேர்ந்து ஸ்டூடியோவில் எடுத்துக்கொண்டதே இல்லையாம்.

பாய் பழக்கதோஷத்தில் ஃபிளாஷைக் கையில் எடுத்தார்.

"அத வைங்க பாய்" என்றார் மதாம். "பின்னாடி போவோம்."

முற்றத்தில் இரண்டு ஸ்டூல் போட்டோம். அதே சுவர், கிட்டத்தட்ட அதே மணி. பாய் தெர்மகோலைப் பிடித்துக்கொண்டார், நான் எடுத்தேன். ஒரு படம். மதாமின் கண் திறந்திருந்தது. கணவர் கண்ணை மூடியிருந்தார். இரண்டாவது படத்திலும் மூடியிருந்தார். மூன்றாவதில் பாதி. ஃபிளாஷ் இல்லை, முன்வெளிச்சம் இல்லை, முகத்தில் வெயில்கூட இல்லை. கையேட்டில் இதற்கு எந்தப் பக்கமும் கிடையாது.

"பாத்தீங்களா!" என்றார் மதாம். "என்னச் சொன்னாரே போன்ல, போட்டோ எடுக்கத் தெரியாதவன்னு."

"எனக்கு ஆப்பரேஷன் ஆயிருக்குடி" என்றார் கணவர்.

"நெஞ்சுலதான ஆச்சு? கண்ணுலயா ஆச்சு?"

அவர் சிரித்தார். அவர் சிரிப்பதைப் பார்த்து மதாமும் சிரித்தார். பாய் தெர்மகோலுக்குப் பின்னாலிருந்து என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"உரிக்கிறேன் பாய்" என்றேன்.

"உரிங்க" என்றார்.

பிளாஸ்திரி புதியது. இறுகப் பிடித்திருந்தது. நகத்தால் கிளப்பி உரித்து, என் முழங்கையில் ஒட்டிக்கொண்டு, பொத்தானை மாற்றிவைத்தேன்.